போரேட் குருணை விலக்கப்பட்ட பின் உருளைக்கிழங்குச் சாகுபடி

நீலகிரியிலும் கோடைக்கானல் மலையிலும் உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவர்கள், விவசாய இலாகா ஊழியர்களைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “போரேட்டை எடுத்துவிட்டார்களே, அதற்குப் பதில் எதைப் போடுவது?” என்பதே அது. பயிருக்குக் கடன் வாங்கி முதல் போட்டவர், ஒரு போகம் முழுதும் புழுவுக்குப் பலியாகுமோ என்று அஞ்சிக் கேட்கும் இக்கேள்வியை யாரும் அலட்சியம் செய்தல் தகாது. ஆயினும், ஒரு குருணைக்குப் பதிலாக இன்னொரு குருணையின் பெயரைச் சொல்லி அவரை அனுப்பிவிடுவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. அவ்வாறு சொல்லத்தக்க மருந்து ஒன்று இல்லை என்பதே உண்மை. அதை ஒளியாமல் உரைத்து, போரேட் செய்துவந்த வேலைகள் எவை, அவற்றுள் எவற்றை எவ்விதம் வேறு வழியில் செய்துகொள்ளலாம் என்று ஆராய்வதே முறை.

திமெட் என்னும் வியாபாரப் பெயரால் கிராமங்களில் அறியப்பட்டிருந்த இம்மருந்து விலக்கப்பட்ட வரலாற்றைச் சிலர் இன்னும் சரிவர அறியவில்லை. பிற நாடுகள் சிலவற்றில் விலக்கப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தும் இந்தியாவில் விற்பனையிலிருந்த 66 மருந்துகளைப் பரிசீலிக்கும்படி, 2013-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் டாக்டர் அனுபம் வர்மாவின் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. அக்குழுவின் சிபார்சுகளை ஒட்டி, 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் 2018 ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி உத்தரவு பிறந்தது. அதில் கண்ட 18 மருந்துகளில் 12 உடனே விலக்கப்பட்டன. போரேட் உள்ளிட்ட எஞ்சிய 6 மருந்துகள் 2020 டிசம்பர் 31-ந் தேதி முதல் அறவே விலக்கப்பட்டன. அபாயகரமான இரசாயனங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2019-ல் போரேட் சேர்க்கப்பட்டது. ஆதலின் இது சில நாளில் தளர்ந்துவிடும் தடை என்று எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தடைக்குக் காரணம் அம்மருந்தின் கடுமையே. உலக சுகாதார ஸ்தாபனம் பூச்சிமருந்துகளை அவற்றின் விஷத்தன்மைக்கேற்ப வகுத்திருக்கும் வரிசையில், போரேட் முதல் வகுப்பின் மேற்பிரிவில் நிற்கிறது. எலியின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் வாய்வழிச் சென்றாலே பாதி எலிகள் மடியும் என்பது அதன் கணக்கு. தோலின் வழியாகவும் அது உடலுள் இறங்கும். நரம்புகள் இயங்குவதற்கு இன்றியமையாத நொதியை முடக்கிவிடும். வெண்புழு மிகுந்த நிலங்களுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ இடும்படி முன்னர் சொல்லப்பட்டு வந்தது. 10 சதவீதக் குருணையாதலால் அதில் கலப்பற்ற விஷம் மட்டும் 1 கிலோ. அதைக் கூடையில் வாரிக் கையால் தூவியவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்கள். நிலத்துக்குடையவர் வரப்பில் நின்றிருந்தார். இவ்வேற்பாட்டின் நியாயம் எப்படியாயினும், அது மலைச்சரிவில் நடந்தது என்பதையும் மறத்தலாகாது. பெருமழையில் சரிவினின்று கழுவப்படும் மண் ஓடைகளைச் சேர்கிறது. நீலகிரியின் ஓடைகள் பலவும் மோயாற்றின் வழியாகவோ நேராகவோ பவானிக்குப் போகின்றன. கீழ்நாட்டில் அந்நீரையே குடித்து, அந்நீரிலேயே நெல் விளைவிக்கும் ஊர்கள் எத்தனையோ உள.

இவ்விதத் தடை புதிதன்று என்பதும் கருதத்தக்கது. டி.டி.டி. விவசாயத்தில் 1989-ல் விலக்கப்பட்டது. ஆல்டிரினும் ஹெப்டாகுளோரும் 1996-ல் போயின. மண்ணில் தூவும் மருந்து என்றாலே நினைவுக்கு வந்த பி.எச்.சி. 1997-ல் நின்றது. ஒவ்வொரு முறையும் ‘இனிக் கிழங்கு எடுக்க முடியாது’ என்ற கூக்குரல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் வேறொரு தூளோ குருணையோ அவ்விடத்தில் வந்தமர்ந்தது. வெண்புழுவும் வெட்டுப்புழுவும் தத்தம் இடத்திலேயே இருந்தன. போரேட்டும் அவ்வாறு வந்தமர்ந்த மருந்துதான். அதன் துணையாக நின்ற கார்போஃப்யூரானுக்கும் 2023-ல் கட்டு வந்துவிட்டது. 3 சதவீத உறையிட்ட குருணையைத் தவிர அதன் ஏனைய வடிவங்கள் நிறுத்தப்பட்டன. ஒன்று போனால் ஒன்று என்று மருந்தின் பின்னே ஓடும் சாகுபடி இன்னும் எத்தனை முறை இவ்விதம் நிலைகுலையும் என்பதை நிலமுடையோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, போரேட்டின் வேலைகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து நோக்குவோர்க்கு விஷயம் தெளிவாகும். உருளைக்கிழங்கில் அது நான்கு காரியங்களுக்காக இடப்பட்டது. இலையில் சாறுண்ணும் அசுவினி, கிழங்கைக் குடையும் வெண்புழு, இளஞ்செடியின் தண்டை அறுக்கும் வெட்டுப்புழு, வேரைப் பற்றும் நூற்புழு ஆகியவை அந்நான்கின் காரணங்கள். இவற்றின் வாழ்க்கை முறைகள் வேறு வேறு. ஒரே குருணையால் நான்கும் தீரும் என்ற நம்பிக்கை வசதியாக இருந்ததேயன்றி, அனுபவத்தில் முற்றும் மெய்ப்படவில்லை.

அசுவினியை முதலில் எடுத்துக்கொள்வோர், அது உண்ணும் சாற்றால் வரும் நஷ்டம் சிறிது என்பதையும், அது பரப்பும் வைரஸ் வியாதிகளால் வரும் நஷ்டமே பெரிது என்பதையும் உணர வேண்டும். விதைக்கிழங்கு வருஷத்துக்கு வருஷம் வலுக்குன்றிப் போவது இதனாலேயே. மலைநாட்டுக் குடியானவர்கள் ‘விதை இளைத்துவிட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் இவ்வியாதிகளின் வேலை. இவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று இலைச்சுருள் வைரஸ். மற்றொன்று தேமலையுண்டாக்கும் ஒய் வைரஸ். இலைச்சுருளை அசுவினி பரப்புவதற்கு, நோயுற்ற செடியில் நெடுநேரம் சாறுண்டு, பின்னும் பல மணி நேரம் கழிய வேண்டும். அதற்குள் மருந்தேறிய செடி அசுவினியைக் கொன்றுவிடக்கூடும். ஆகவே இலைச்சுருளைத் தடுக்கப் போரேட் ஓரளவு உதவியது. ஒய் வைரஸோ அசுவினியின் வாய்முனையில் ஒட்டிச் செல்வது. சில விநாடிகள் ஒரு செடியைக் குத்திப் பார்த்துவிட்டு அடுத்த செடியைக் குத்தினாலே போதும், வியாதி இறங்கிவிடும். மருந்து அசுவினியைக் கொல்வதற்கு முன்பே அதன் காரியம் முடிந்துவிடுகிறது. எந்தக் குருணையும் ஒய் வைரஸைத் தடுத்ததில்லை. இனி வரும் குருணையும் தடுக்கப் போவதில்லை. பல வருஷங்கள் பணம் செலவிட்டும் விதை இளைத்தே வந்ததற்கு இது ஒரு பெருங்காரணம்.

இதற்குப் பரிகாரம் விதையிலேயே இருக்கிறது. நோயற்ற விதைக்கிழங்கை வாங்குதல், அதை மூன்று நான்கு போகங்களுக்கு மேல் திரும்பத் திரும்ப உபயோகியாமல் மாற்றுதல், விதைக்கென்று ஒதுக்கிய பாத்தியில் சுருண்டும் தேமல் கண்டும் நிற்கும் செடிகளைக் கிழங்கோடு தோண்டி அகற்றுதல் ஆகியவையே முதன்மையானவை. செடியை மட்டும் பிடுங்கிக் கிழங்கை மண்ணில் விடுபவர் பாதி வேலையே செய்தவராவார். வடநாட்டுச் சமவெளிகளில், அசுவினி பெருகுமுன் விதைப்பயிரை முடித்துவிடும் முறை மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தாரால் வகுக்கப்பட்டு நெடுங்காலமாய் நடைபெற்று வருகிறது. நூறு கூட்டிலைகளில் 20 அசுவினி தென்பட்டவுடன் தழையை அறுத்துவிடுவது அம்முறையின் உயிர்நாடி. இலை போனபின் வியாதி கிழங்குக்கு இறங்க வழியில்லை. மலைநாட்டின் பருவங்கள் வேறாதலால் அதை அப்படியே எடுத்தாள இயலாது. ஆயினும் இலையை எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கமும், விதைக்கான பாத்தியின் தழையை முன்னதாக அறுக்கும் பழக்கமும் எங்கும் செல்லுபடியாகும். கிழங்கு சிறுத்துப்போகுமே என்று தயங்குபவர்கள் உண்டு. விதைக்குச் சிறுகிழங்கே ஏற்றது.

விதைப்பாத்தியைச் சுற்றி மக்காச்சோளமோ கோதுமையோ சில வரிசை விதைத்தல் இன்னொரு நல்ல உபாயம். பறந்து வரும் அசுவினி ஓரத்திலுள்ள பயிரில் முதலில் இறங்கிக் குத்திப் பார்க்கிறது. வாய்முனையில் ஒட்டிவந்த ஒய் வைரஸ் அங்கேயே துடைபட்டுப் போகிறது. வைக்கோல் மூடாக்கிட்ட நிலத்தில் அசுவினி குறைவாகவே இறங்குகிறது என்பதும் ஐரோப்பாவில் கண்ட உண்மை. மலையில் வைக்கோல் கிடைப்பது அரிது; கிடைத்த இடத்தில் விதைப்பாத்திக்கு மட்டுமாவது இதைச் செய்யலாம். அசுவினி மிகுந்து மருந்தடித்தே தீரவேண்டிய நிலை வருமாயின், தையமெதாக்சாம் போல் உருளைக்கிழங்குக்கென்று பதிவான மருந்தைச் சீட்டில் கண்ட அளவில், தேனீ நடமாடாத மாலை வேளையில் அடிக்கலாம். அதையும் ஒரே போகத்தில் பன்முறை அடிப்பவர், அம்மருந்துக்கு அடங்காத அசுவினியைத் தாமே வளர்த்துக்கொள்கிறார்.

வெண்புழுவைப் பற்றியே குடியானவர்களின் கவலை அதிகம். அது நியாயமும் ஆகும். கிழங்கில் ஆழமில்லாத அகன்ற பள்ளங்களாகக் குடைந்து வைக்கும் இப்புழுவால், மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு மூட்டையின் தரமே இறங்கிவிடுகிறது. மூட்டையில் பத்துக் கிழங்கு குடைபட்டிருந்தாலும் ஏலம் கேட்பவர் மூட்டை முழுதையும் அவ்விதமே மதிப்பார்.

இப்புழுவின் வரலாறு தெரிந்தால் அதன் பலவீனமும் தெரியும். கோடைமழை முதன்முதல் நன்றாகப் பெய்து மண் நனைந்ததும், மண்ணுள் கிடந்த வண்டுகள் அந்தி வேளையில் வெளிப்படுகின்றன. அருகிலுள்ள மரங்களில் கூடி இலையைத் தின்று, இரவிலேயே இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன. பிறகு புழு மண்ணுள் புகுந்துவிட்டால், அதைத் தேடி விஷத்தை அனுப்புவது ஏக்கர் முழுதும் மண்ணை நஞ்சாக்கும் வேலையாகும். அவை மரத்தில் கூடியிருக்கும் அந்தச் சில இரவுகளிலோ, ஒரு விளக்கும், ஒரு படுதாவும், மண்ணெண்ணெய் கலந்த நீருள்ள ஒரு வாளியும் போதும். மரத்தை உலுக்கினால் வண்டுகள் உதிர்கின்றன. வாரி வாளியில் போட்டால் முடிந்தது. முட்டையிடுமுன் கொல்லப்பட்ட ஒரு பெண்வண்டு, பின்னால் கிழங்கில் இறங்கவிருந்த சில பத்துப் புழுக்களுக்குச் சமம்.

எந்த மரத்தில் வண்டு கூடுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறுபடும். அதைப் புத்தகத்தில் தேடுவதைவிட, முதல் மழைக்கு மறுநாள் அந்தியில் வேலியோரமாய் விளக்கோடு நடந்து பார்த்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் இவ்வேலையை ஒருவர் மட்டும் தம் நிலத்தில் செய்தால் பயன் சொற்பமே. அடுத்த நிலத்து மரத்திலிருந்து வண்டு பறந்து வரும். இராஜஸ்தானிலும் குஜராத்திலும் நிலக்கடலையைத் தாக்கிய வெண்புழுவுக்கு எதிராக, வண்டு கூடும் மரங்களைக் குறித்து ஊரார் ஒன்றுசேர்ந்து வேலை செய்தார்கள். மலைநாட்டில் அதற்கு வசதி குறைவன்று. படுகர் ஹட்டிகளில் ஊர்ப்பொதுக் காரியங்களுக்குக் கூட்டம் கூட்டும் வழக்கம் இருக்கிறது. பஞ்சாயத்தார் தெரு விளக்குக்கும் குடிநீருக்கும் கூடுவதைப் போல், வருஷத்தில் மூன்று இரவு வண்டுக்காகக் கூடச் செய்வது கிராம அதிகாரிகளால் ஆகாத காரியமன்று. கிலோவுக்கு இவ்வளவு என்று வண்டுக்கு விலை வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டி வந்து குவிப்பார்கள். பஞ்சாயத்துக் கணக்கில் அது பெருந்தொகையாகாது.

மேலும் சில எச்சரிக்கைகள் உண்டு. பாதி மக்கிய சாணம் வெண்புழுவை அழைத்து வருகிறது. எருவை முழுதும் மக்கச் செய்தே இட வேண்டும். புல்தரையாய்க் கிடந்த நிலத்தைப் புதிதாய்க் கொத்தி முதற்பயிராகவே கிழங்கு நடுவோர் புழுவின் நடுவில் நடுகிறார்கள். அத்தகைய நிலத்தை முன்னதாகவே இருமுறை கொத்திப் புரட்டி, காக்கைக்கும் மைனாவுக்கும் விட்டுவைக்க வேண்டும். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணம் வெண்புழுவின் உடலில் முளைத்து அதைக் கொல்வது. மக்கிய எருவில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது இட்டால் அது வேலை செய்கிறது. உலர்ந்த மண்ணில் தூவிவிட்டு மறுநாள் புழு சாகவில்லை என்று குறை கூறுவோர் பலர். அது போரேட்டைப்போல் ஒரு நாளில் கொல்லாது, வாரங்கள் ஆகும். காலாவதியான பொட்டலத்தை வெயிலில் வைத்து விற்கும் கடையில் வாங்கினால் அதுவும் ஆகாது. பொட்டலத்திலுள்ள தேதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

வெட்டுப்புழுவுக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. நடவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே களையை ஒழித்துவிட்டால் அந்துப்பூச்சிக்கு முட்டையிட இடமில்லை. பிடுங்கிய களையைச் சிறு சிறு குவியலாய் மாலையில் வைத்து விடியலில் புரட்டினால் புழு அடியில் சுருண்டு கிடக்கும். தெளிப்பு நீர் பாய்ச்சுவோர் பகல் வேளையில் பாய்ச்சினால், நனைந்த மண்ணிலிருந்து வெளிவரும் புழுவைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும். கோடையுழவும் விளக்குப் பொறியும் உதவி செய்யும். செடியின் அடித்தண்டில் வேப்பெண்ணெய்க் கரைசல் ஊற்றுவதும் நடைமுறையில் உள்ளதே. கிழங்குத் துளைக்கும் அந்துப்பூச்சிக்குப் போரேட் எக்காலத்தும் சரியான மருந்தாய் இருந்ததில்லை. ஆழ நட்டு, 60-ம் நாள் நன்றாக மண் அணைத்து, வெடிப்பில் கிழங்கு தெரியாமல் மூடுவதே அதற்குக் காப்பு. ஹெக்டேருக்கு 20 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தால் வரவு தெரியும்.

நூற்புழுவின் விஷயம் தனிப்பட்டது. உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-ல் உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1971-ல் நீலகிரியின் விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை விதிக்கப்பட்டது. கடுகளவினும் சிறிதான ஒரு கூட்டில் முட்டைகள் நூற்றுக்கணக்கில் அடங்கிக் கிடக்கின்றன. உருளைக்கிழங்கின் வேரிலிருந்து கசியும் நீர் பட்டால்தான் அவற்றில் பெரும்பாலானவை பொரிக்கும். அதுவரை பல வருஷங்கள் அப்படியே உறங்கும். இத்தகைய எதிரியைக் குருணையால் வெல்ல எண்ணி, 60 வருஷங்களாகப் பணமும் மருந்தும் செலவாகியுள்ளன. நூற்புழு இன்றும் இருக்கிறது. 2018-ல் ஹிமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்டம் ஆகிய இடங்களிலும் அது காணப்பட்டு, அங்கிருந்து விதை வெளிச்செல்வதற்கும் தடை வந்தது. ஆதலால் வெளியிலிருந்து விதை தருவித்தால் போதும் என்ற எண்ணமும் பழைய உறுதியை இழந்துவிட்டது.

நூற்புழு உண்ண முடியாத பயிரை மூன்று நான்கு வருஷம் வைத்தால், பொரிக்க வழியின்றி முட்டைகளின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. காரட், முட்டைக்கோசு, பூக்கோசு, பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி, பீன்ஸ், பூண்டு ஆகிய எதுவும் இதற்கு உதவும். உருளைக்கிழங்கினத்தைச் சேர்ந்த தக்காளியும் கத்தரியும் உதவா. கடுகையோ முள்ளங்கியையோ ஊடுபயிராய் இடுவதும் நன்மை தருவதாகக் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியுள்ள குப்ரி ஸ்வர்ணா என்னும் இரகம் உதகமண்டலத்து முத்தோரை நிலையத்தில் உருவாகி 1985-ல் வெளிவந்தது. பின்னர் குப்ரி நீலிமாவும் குப்ரி சஹ்யாத்ரியும் வந்தன. இருந்தும் நிலங்களில் பெரும்பாலும் காணப்படுவது 1968-ல் வெளியிடப்பட்ட குப்ரி ஜோதியே. மண்டியில் ஜோதிக்கு இருக்கும் பெயர் அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. அது உண்மையாயினும், நூற்புழு நிறைந்த நிலத்தில் ஜோதியை விடாமல் நட்டு, மகசூல் இல்லையென்று மருந்தைத் தேடுவது கணக்குக்கு ஒத்து வராது. எதிர்ப்பு இரகத்தையும் இடைவிடாது அதே நிலத்தில் வைக்கலாகாது; அதையும் மீறும் நூற்புழு தேறி வந்துவிடும்.

இங்கே நிலமுடையோர்க்கே உரிய ஒரு பொறுப்பு உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. குத்தகைக்கு நிலத்தை ஒரு போகத்துக்கு மட்டும் விட்டால், குத்தகைதாரர் மூன்று வருஷப் பயிர் மாற்றத்தை நினைத்தும் பாரார். கார்போகத்தில் கிழங்கு நட்டு, விலை நன்றாயிருந்தால் கடைபோகத்திலும் கிழங்கே நடுவார். நீர்போகத்துக்கு நிலம் வேறொருவர் கைக்குப் போகும். குருணை அதிகம் செலவானது இத்தகைய நிலங்களிலேயே. நிலம் கெட்டதும் அவருக்கு நஷ்டமில்லை. சொந்தக்காரருக்கே நஷ்டம். குத்தகைச் சீட்டை மூன்று வருஷத்துக்கு எழுதி, அதில் எந்தப் போகத்தில் எந்தப் பயிர் என்பதையும் குறித்துவிட்டால், குத்தகைத் தொகையில் சிறிது குறைத்துக்கொள்ள நேர்ந்தாலும் முடிவில் லாபமே. இப்படிச் சீட்டு எழுத இலாகா ஒரு மாதிரிப் படிவம் அச்சிட்டுக் கொடுக்கலாம். மருந்துப் பட்டியல் அச்சிடுவதைக் காட்டிலும் அது அதிகம் பயன்படும்.

கூலி ஏறிவிட்ட இக்காலத்தில் கையால் வண்டு பொறுக்குவதும் செடி தோண்டுவதும் கட்டுப்படியாகாது என்பார் உண்டு. இவ்வாட்சேபம் முழுதும் தள்ளத்தக்கதன்று. குருணை இடுவதற்கு ஒரு பகல் போதும். மேலே சொன்னவற்றுக்குப் பல நாள் வேண்டும். விலை இறங்கிய வருஷத்தில் சிறு குடியானவருக்கு அந்தச் செலவு பாரமே. 2018-ல் உத்தரவு பிறந்து 2020 முடிவு வரை இரண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், அவகாசத்தில் இம்முறைகளைச் சிறு குடியானவர்களின் நிலத்தில் செய்து காட்டும் வேலை போதிய அளவு நடக்கவில்லை என்ற குறையும் பொய்யன்று. தடையை அறிவிப்பது ஒரு தாளில் முடிகிறது. அதன் பின்விளைவைத் தாங்கும் வேலை ஏக்கர் ஏக்கராய் நடக்க வேண்டியிருக்கிறது. நோயற்ற விதைக்கும், பொறிகளுக்கும், வண்டு ஒழிப்புக்கும் சர்க்கார் பணம் செலவிடுவதே இந்த இடைவெளியை அடைக்கும்.

ஆனால் அவகாசம் போதவில்லை என்பதைக் காரணமாக்கிக் கள்ளத்தனமாய்க் கிடைக்கும் பழைய மூட்டையை வாங்குவோரும், நெல்லுக்கும் கரும்புக்கும் பதிவான குருணைகளைக் கடைக்காரர் சொற்கேட்டு உருளைக்கிழங்குக்கு இடுவோரும் தமக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். ஒரு பயிருக்குப் பதிவான மருந்து இன்னொரு பயிரில் எவ்வளவு எச்சமாய் நிற்கும், எத்தனை நாள் கழித்துக் கிழங்கு எடுக்கலாம் என்பதற்குச் சீட்டில் விடை இராது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே விளைந்து, அந்த மண்ணோடே சமையலறைக்குப் போகும் பண்டம். பெயரும் சீட்டும் இல்லாத உதிரிக் குருணையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் கடை எதுவாயினும், அதைப் பற்றிப் பூச்சிமருந்து இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரியின் கடமையில் சேரும். வாங்கிய பொருளுக்கு ரசீது கேட்கும் பழக்கம் இதில் பெரிய காப்பு. ரசீது தர மறுப்பவரிடம் மருந்து வாங்காமலிருப்பதே புத்தி.

வீட்டில் மீந்திருக்கும் போரேட்டைப் பற்றியும் ஒரு சொல். தடை வந்து சில வருஷங்கள் ஆகியும், மாட்டுக் கொட்டகை மூலையிலும் பரணிலும் பாதி மூட்டை இருப்பது அபூர்வமன்று. காட்டுப்பன்றிக்கு வைக்கலாம் என்று சிலர் அதைச் சேமித்து வைப்பதாகவும் கேள்வி. அது சட்டப்படி குற்றம். பன்றியோடு அது நில்லாது. செத்ததைத் தின்ற நாயும் கழுகும், இரை தின்ற மயிலும் வீழும். மூட்டையைக் குழி தோண்டிப் புதைப்பதும் ஓடையில் கொட்டுவதும் ஊர்க் கிணற்றில் கொட்டுவதற்கு ஒப்பாகும். எரித்தால் புகையே நஞ்சு. கையுறை அணிந்து, மூட்டையை இன்னொரு பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, தானியமும் தீவனமும் இல்லாத இடத்தில் பூட்டி வைத்து, வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி சாவியைப் பெரியவர்களே வைத்திருத்தல் வேண்டும். கிராம நிர்வாக அதிகாரிகள் தம் ஊரில் யார் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து அனுப்பினால், அலுவலகத்தார் ஒரே முறையில் வண்டி வைத்து எடுத்துப்போக ஏதுவாகும். சித்திரை மழைக்கு முன் இப்பட்டியல் முடிந்துவிடுமானால், அதே கூட்டத்தில் வண்டு கூடும் மரங்களையும் குறித்துக்கொள்ளலாம்.